கயிறு யார் கையில்? லினோவில் ஒரு சர்க்கஸ் அச்சு

லினோ என்ற மென்மையான தகட்டைச் செதுக்கி, மை உருட்டி, தாளில் ஒரு சர்க்கஸ் படம் அச்செடுக்கப் போகிறோம். உளியைத் தொடுவதற்கு முன் ஓர் அச்சைத் தேடிப் பார்த்துவிடுங்கள்: ஸ்பானிய ஓவியர் கோயாவின் ‘போரின் பேரழிவுகள்’ தொடரில் 77-வது. அங்கி போட்ட மதகுரு ஒருவர் கைகளை விரித்தபடி கயிற்றில் நடக்கிறார். கயிறோ நைந்து கிடக்கிறது. கீழே கூட்டம். வழக்கமாக வயிற்றுப்பாட்டுக்காக ஏழைதான் கயிறு ஏறுவான். கோயா அதிகாரத்தை ஏற்றிவிட்டார். அவர் இறந்து 35 ஆண்டு கழித்து, 1863-ல்தான் அந்தத் தொடர் வெளிவந்தது.

பிக்காசோ 1905-ல் தகட்டில் ஊசியால் கீறிய கழைக்கூத்தாடிகள் வேறு ரகம். பல அச்சுகளில் வித்தையே இருக்காது; குடும்பமும் அன்றாட வேலையும்தான்.

சரி, நம் வேலைக்கு வருவோம்.

1. 15 × 20 செ.மீ. லினோ துண்டு போதும். மேலே கயிறும் அதில் நடப்பவளும், கீழே முன்வரிசை நாற்காலிகள். பணக்காரருக்குச் சுருட்டும் தொப்பையும் போடாதீர்கள், கேலிச்சித்திரமாகிவிடும். கயிற்றின் நுனி யார் கையில் இருக்கிறது என்று காட்டினாலே போதும்.

2. கார்பன் தாள் வைத்துப் படத்தை இடவலம் மாற்றிப் படியெடுங்கள். என் முதல் அச்சில் ‘டிக்கெட்’ பலகையைக் கண்ணாடியில் பார்த்தால்தான் படிக்க முடிந்தது!

3. செதுக்கல். லினோ விறைப்பாக இருந்தால் கொஞ்ச நேரம் வெயிலில் வையுங்கள். இன்னொரு கை எப்போதும் உளிக்குப் பின்னால் இருக்கட்டும்.

செதுக்கிய இடம் வெள்ளை, விட்ட இடம் கருப்பு. அதாவது நீங்கள் செதுக்குவது வெளிச்சத்தை. முதல் தடவை நான் நடப்பவள் மேல்தான் விளக்கடித்தேன். பார்க்க அழகு, ஆனால் சர்க்கஸ் விளம்பரம் போலாகிவிட்டது. அப்புறம் புதுத் துண்டில் அவளைக் கருப்பாகவே விட்டு, ஓரத்தில் மட்டும் மெல்லிய கோடு ஓட்டி, முன்வரிசை முகங்களைத் தாராளமாகச் செதுக்கினேன். வெளிச்சம் டிக்கெட் வாங்கியவர்களுக்குப் போனது. கயிறு, ‘வி’ வடிவ முனை கொண்ட உளியால் ஒரே கீறல். நடுவில் ஓரிடத்தில் மட்டும் இரண்டு மூன்று சிலும்புகள்.

4. கண்ணாடித் துண்டில் மையை மெல்லியதாக உருட்டுங்கள். ரோலர் சரசரவென்று ஒட்டிப் பிரியும் சத்தம் கேட்டால் பதம் சரி. லினோவில் உருட்டி, தாளை வைத்து, மரக்கரண்டியின் முதுகால் தேயுங்கள். தாளின் ஒரு மூலையை மட்டும் தூக்கிப் பாருங்கள். கயிறு அடைபட்டிருந்தால் மை அதிகம். துணியால் துடைத்துவிட்டு இன்னொரு தாள் எடுங்கள்.