வழுக்கைக்கு ஃபினாஸ்டிரைடு: முடிவெடுக்கும்போது நேரும் தவறுகள்

ஃபினாஸ்டிரைடு மாத்திரையை எடுக்கலாமா என்று யோசிக்கத் தொடங்கும் ஆண்களில் பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்வி, அதற்குப் பக்கவிளைவு உண்டா என்பதுதான். கேட்க வேண்டிய கேள்வியே என்றாலும், தமக்கு உதிர்வது இந்த மருந்துக்குக் கட்டுப்படும் வகைதானா என்பது அதற்கும் முன்னால் தெரிந்தாக வேண்டும். டெங்கு, டைஃபாய்டு போன்ற கடும் காய்ச்சலோ பெரிய அறுவை சிகிச்சையோ வந்துபோன இரண்டு மூன்று மாதங்களில் தலை முழுவதிலும் முடி கொத்துக்கொத்தாகக் கொட்டுவதுண்டு; காரணம் விலகியதால் அது பெரும்பாலும் சில மாதங்களில் தானே அடங்கிவிடும். வட்டவட்டமாக முடி விழும் புழுவெட்டு, உடலின் நோய் எதிர்ப்பாற்றல் வேர்க்கால்களைத் தாக்குவதால் வருவது. தைராய்டு கோளாறும் இரும்புச்சத்துக் குறைவும் வேறு காரணங்கள். நெற்றியோரம் பின்வாங்கி உச்சந்தலை மெலியும் மரபுவழி வழுக்கைக்கு மட்டுமே ஃபினாஸ்டிரைடு பொருந்தும் என்பதால், தோல் மருத்துவர் தலையைப் பார்க்காமல், கைப்பேசியில் நிரப்பிய படிவத்தை மட்டும் நம்பி வாங்கும் மாத்திரை வேறொரு நோய்க்கான சிகிச்சையைத் தள்ளிப்போடக்கூடும்.

இந்த மருந்து பிறந்த கதையில் டொமினிக்கன் குடியரசின் சலீனாஸ் கிராமத்துக்கு ஓர் இடமுண்டு. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டீரோனை அதைவிட வலிமையான டைஹைட்ரோடெஸ்டோஸ்டீரோனாக மாற்றும் நொதி பிறவியிலேயே குறைந்திருந்த ஆண்கள் அங்கே இருப்பதை, ஜூலியன் இம்பெராட்டோ மெக்கின்லி குழுவினர் 1974-இல் வெளியிட்டனர். அந்த ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழுள்ள புராஸ்டேட் சுரப்பி சிறிதாகவே இருந்தது, வழுக்கையும் விழவில்லை. அதே நொதியைத் தடுக்கும் ஃபினாஸ்டிரைடு, புராஸ்டேட் வீக்கத்துக்கு 5 மில்லிகிராம் அளவில் 1992-லும், வழுக்கைக்கு 1 மில்லிகிராம் அளவில் 1997-லும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. தடை நீங்கினால் ஹார்மோன் பழைய அளவுக்குத் திரும்பிவிடும். ஆகவே மருந்தை நிறுத்திய ஓராண்டுக்குள் கிடைத்த பலனும் போய்விடுகிறது. நிச்சயதார்த்தத்துக்கும் திருமணத்துக்கும் இடைப்பட்ட நாலைந்து மாதங்களை மனத்தில் வைத்து மாத்திரையைத் தொடங்குவது, எனக்குத் தெரிந்து, இதில் மிகப் பரவலான தவறு. பலன் கண்ணுக்குத் தெரியவே மூன்று மாதத்துக்கு மேலாகும். சரியான மதிப்பீட்டுக்கு ஓராண்டு வேண்டும்.

பலன் என்றால் என்ன என்பதையும் முன்கூட்டியே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஐந்தாண்டு சோதனைகளில் இம்மருந்தை எடுத்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு முடி கூடியது, 42 விழுக்காட்டினருக்கு இருந்தது இருந்தபடியே நின்றது. மருந்தில்லா மாத்திரை எடுத்தவர்களில் முக்கால்வாசிப் பேர் மேலும் முடியை இழந்தனர். அதாவது இருப்பதைக் காப்பதே இதன் முதன்மையான வேலை; பளபளவென்று ஆகிவிட்ட இடத்தில் இதனால் முடி முளைக்காது. பாதுகாப்பதில் வெற்றி பெற்ற மருந்தையே 'ஒன்றும் ஆகவில்லை' என்று நிறுத்திவிடுபவர்கள் பலர். தொடங்கும் நாளிலேயே ஒரே வெளிச்சத்தில், ஒரே கோணத்தில் நெற்றியையும் உச்சியையும் படமெடுத்து வைத்தால், சீப்பில் சிக்கிய முடியை எண்ணிக் கவலைப்படுவதற்கு மாறாக ஒப்பிட்டுப் பார்க்க ஏதாவது இருக்கும்.

பக்கவிளைவுகளைப் பொறுத்தவரை இரு பக்கமும் தவறு நடக்கிறது. அனுமதிக்கு முந்திய சோதனைகளில் பாலியல் ஆர்வக் குறைவு, விறைப்புக் குறைபாடு, விந்து வெளியேற்றத்தில் மாற்றம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று மருந்து எடுத்தவர்களில் 3.8 விழுக்காட்டினருக்கும், மருந்தில்லா மாத்திரை எடுத்தவர்களில் 2.1 விழுக்காட்டினருக்கும் பதிவானது. 5 மில்லிகிராம் மாத்திரையை வைத்து 2007-இல் வெளிவந்த இத்தாலிய ஆய்வில், பாலியல் பக்கவிளைவு வரலாம் என்று சொல்லப்பட்டவர்களில் 43.6 விழுக்காட்டினரும், சொல்லப்படாதவர்களில் 15.3 விழுக்காட்டினரும் அப்படிப்பட்ட தொல்லையைத் தெரிவித்தனர். எதிர்பார்ப்புக்கும் பங்குண்டு என்பது இதனால் விளங்குகிறது. ஆனால் இதைக் காட்டி 'எல்லாம் மனப்பிரமை' என்று தள்ளுவது நியாயமன்று: நிறுத்திய பிறகும் தொல்லை நீடித்ததாக வந்த புகார்கள் மருந்தின் எச்சரிக்கைக் குறிப்பிலேயே இடம்பெற்றுள்ளன. ஐரோப்பிய மருந்து முகமை 2025 மே மாதத்தில், தற்கொலை எண்ணம் இம்மருந்தின் பக்கவிளைவு என்று உறுதிசெய்து, மனநிலை மாறினால் 1 மில்லிகிராம் மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் செல்லும்படி அறிவுறுத்தியது. முன்பு மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்றவர் அதை வெட்கப்பட்டு மறைப்பது ஆபத்தானது. முடி பிரச்சினைக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று நினைத்துத்தான் பலரும் சொல்லாமல் விடுகிறார்கள்.

சொல்லாமல் விடப்படுபவை வேறும் உண்டு. குழந்தைக்கு முயல்பவர் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். சிலருக்கு விந்தணு எண்ணிக்கை குறைந்து, நிறுத்தியதும் மீண்டிருக்கிறது. புராஸ்டேட் புற்றுநோய்க்கான பி.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனையின் அளவை இது நடுவயதினரிடம் ஏறத்தாழப் பாதியாக்கிவிடுவதால், சோதனை எழுதும் மருத்துவருக்கு இந்த மாத்திரை பற்றித் தெரியாவிட்டால் முடிவு தவறாகப் படிக்கப்படும். இரத்ததானம் செய்பவர் கடைசி மாத்திரைக்குப் பின் ஒரு மாதமாவது காத்திருக்க வேண்டும், ஏனெனில் அந்த இரத்தம் கர்ப்பிணிக்கு ஏற்றப்படலாம். வயிற்றிலுள்ள ஆண் சிசுவின் பிறப்புறுப்பு வளர்ச்சியை மருந்து பாதிக்கக்கூடும். காசை மிச்சப்படுத்த 5 மில்லிகிராம் மாத்திரையை நான்காக வெட்டும் வழக்கம் அளவைச் சீரற்றதாக்குவதோடு, மேலுறை உடைந்த துண்டுகளையும் தூளையும் வீட்டிலுள்ள கர்ப்பிணி தொட வாய்ப்பளிக்கிறது.

ஃபினாஸ்டிரைடு மாத்திரைக்கு அஞ்சி, அதே நொதியைத் தடுக்கும் டியூட்டாஸ்டிரைடு பக்கம் போவது பொருளற்றது. அது வலிமை கூடிய மருந்து. சில மணி நேரத்தில் பாதியாகக் குறையும் ஃபினாஸ்டிரைடைப் போலன்றி, உடலில் பாதியாவதற்கே ஐந்து வாரம் எடுப்பது. மேலே தடவும் திரவத்திலும் கவனம் வேண்டும். முடி வளரத் தலையில் தடவும் மினாக்ஸிடிலோடு ஃபினாஸ்டிரைடும் கலந்த புட்டிகள் நம் மருந்துக்கடைகளில் கிடைக்கின்றன. சிலவற்றில் பெயரின் முடிவிலுள்ள 'எஃப்' என்ற எழுத்து ஒன்றே அதைக் காட்டும். மாத்திரை வேண்டாம் என்று முடிவெடுத்தவர் அதே மருந்தைத் தெரியாமல் தலையில் தடவிக்கொண்டிருக்கலாம். தோல் வழியே அது இரத்தத்திலும் ஓரளவு கலக்கிறது. புட்டியின் பின்புறமுள்ள உட்பொருள் பட்டியலைப் படித்துவிட்டு வாங்குவதும், மருத்துவர் என்னென்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்கும்போது இந்தத் திரவத்தின் பெயரையும் சேர்த்துச் சொல்வதும் அவசியம்.