ஸ்கெட்ச்அப்பில் தூணும் உத்தரமும் சேரும் மூட்டை வரைவது எப்படி

ஸ்கெட்ச்அப் என்ற முப்பரிமாண வரைகலை மென்பொருளில் புதிதாக வரைபவர்கள் பலரும் உத்தரத்தைத் தூணுக்குள் அப்படியே நுழைத்துவிட்டு மூட்டு முடிந்தது என்று நகர்ந்துவிடுகிறார்கள். வெளியிலிருந்து பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் தச்சர் கேட்கும் ஒரு அளவுகூட அந்த மாடலில் இருக்காது. எனவே நாக்கு (உத்தரத்தின் முனையில் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி), அது நுழையும் துளை, இரண்டையும் பூட்டும் மர ஆணி மூன்றையும் நிஜமாகவே வரைவோம். எல்லா அளவும் மில்லிமீட்டரில்.

முதலில் மாடல் இன்ஃபோவில் யூனிட்ஸ் போய் மில்லிமீட்டரைத் தேர்ந்தெடுத்து, லெங்த் ஸ்நாப்பிங்கை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் மவுஸ் தன் இஷ்டத்துக்குத் தாவும்.

தூணுக்கு ரெக்டாங்கிள் கருவியில் 200,200 என்று அடித்து என்டர், முகத்தை இழுத்து உயர்த்தும் புஷ்/புல் கருவியில் 2700. உடனே மூன்று முறை கிளிக் செய்து ஜி அழுத்தி காம்போனென்ட் (தனித்து நிற்கும் பாகம்) ஆக்குங்கள். இதைத் தள்ளிப்போட்டால் அடுத்து வரைவதெல்லாம் தூணோடு ஒட்டிக்கொள்ளும், பிரிக்கவே முடியாது.

தூணின் ஒரு முகத்தின் மேல், அதன் முழு அகலத்துக்கும், 200 அகலம் 250 உயரத்தில் ஒரு செவ்வகம் வரைந்து வெளிப்பக்கம் 3000 இழுங்கள். அதையும் காம்போனென்ட் ஆக்குங்கள். இதுதான் உத்தரம்.

சரி, இப்போது நாக்கு. தூணை ஹைட் செய்துவிட்டு உத்தரத்தை இரட்டை கிளிக்கில் திறந்து, தூணைத் தொடும் முனைக்குப் போங்கள். டேப் மெஷரால் இரண்டு பக்கத்திலிருந்தும் 75, மேலும் கீழும் 25 என வழிகாட்டிக் கோடுகள் போட்டால் நடுவில் 50 அகலம், 200 உயரம் மிஞ்சும். அங்கே செவ்வகம் வரைந்து 100 வெளியே இழுத்தால் நாக்கு தயார். உத்தரத்தின் நீளத்தை 3000 என்றே எழுதி மரம் வாங்கிவிடாதீர்கள், ஒவ்வொரு நாக்குக்கும் 100 கூட வேண்டும்.

தூணை மறுபடி காட்டி, எக்ஸ்-ரே (ஊடுருவிப் பார்க்கும் காட்சி) ஆன் செய்து, தூணைத் திறந்து, நாக்கு அதன் முகத்தைத் துளைக்கும் இடத்தில் மூலைக்கு மூலை செவ்வகம் வரையுங்கள். உள்ளே 110 தள்ளுங்கள். கூடுதலான அந்த 10 எதற்கு என்றால், நாக்கின் நுனி துளையின் அடியில் முட்டிவிட்டால் உத்தரத்தின் தோள் (நாக்கைச் சுற்றியுள்ள முனை முகம்) தூணோடு ஒட்டி உட்காராது. ஒரு திடப்பொருளால் இன்னொன்றை வெட்டும் ட்ரிம் கருவியால் இரண்டே கிளிக்கில் துளை போடலாம்தான், ஆனால் அது நாக்கின் அளவுக்கே வெட்டும், இந்த 10 கிடைக்காது. எனக்குக் கையால் வரைவதே பிடிக்கும்.

மர ஆணியில்தான் பலர் சிக்கிக்கொள்வார்கள். தூணின் பக்கவாட்டு முகத்தில், உத்தரம் சேரும் விளிம்பிலிருந்து 50 தள்ளி, உத்தரத்தின் நடு உயரத்தில், 10 ஆரத்தில் வட்டம் போடுங்கள். அதை ஒரே மூச்சில் 200 தள்ளினால் துளையின் நடுவே ஒரு குழாய் மாதிரி சுவர் நிற்கும். 75 மட்டும் தள்ளுங்கள், துளையின் சுவரைத் தொட்டதும் வழி திறந்துவிடும். அப்புறம் எதிர்ப்பக்கத்திலிருந்தும் அதே 75. நாக்கிலும் அதே உயரத்தில் ஓட்டை வேண்டும், ஆனால் தோளிலிருந்து 50 அல்ல, 48. இந்த 2 மி.மீ. விலகலால்தான் ஆணியை அடிக்கும்போது அது நாக்கை உள்ளே இழுத்து மூட்டை இறுக்குகிறது. நிஜத்தில் ஆணி லேசாக வளையும். அதை மாடலில் காட்ட வேண்டாம், நேரான உருளை போதும், நாக்கோடு கொஞ்சம் மேல்படிந்தாலும் விட்டுவிடுங்கள்.

தூண், உத்தரம் என ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து என்டிட்டி இன்ஃபோவைப் பாருங்கள். வால்யூம் காட்டினால் அது முழுமையான திடப்பொருள். காட்டவில்லையென்றால் உள்ளே எங்கோ தேவையற்ற கோடோ முகமோ கிடக்கிறது, அல்லது ஒரு முகம் விட்டுப்போயிருக்கிறது.

பிரித்துக் காட்டும் படம் வேண்டுமானால் மூட்டை நகலெடுத்து, அதில் உத்தரத்தை 300 வெளியே நகர்த்தி, நகலுக்குத் தனி டேக் (பொருளைக் காட்டவும் மறைக்கவும் உதவும் அடையாளம்) கொடுங்கள். சீன் (சேமித்து வைக்கும் காட்சி) என்பது பொருளின் இடத்தை நினைவில் வைக்காது, எந்த டேக் தெரிய வேண்டும் என்பதைத்தான் வைக்கும். அதே தூணை வேறு மூலைகளிலும் நகலெடுத்திருந்தால் இந்தத் துளை அங்கேயும் வந்திருக்கும். அங்கே வேண்டாமென்றால், துளை போடுவதற்கு முன்பே இந்தத் தூணுக்கு ரைட் கிளிக்கில் மேக் யுனீக் (மற்ற நகல்களிலிருந்து பிரிப்பது) கொடுத்திருக்க வேண்டும்.