‘மோசி’ என்ற சொல்லுக்கு வேர் தேடுவது எப்படி?

மும்பை மாதுங்காவில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலையில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். ‘மோசி’ (mosey) என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் சொல்வது எளிது. ஸ்டேஷனில் இறங்கி, பூக்கடைகளை வேடிக்கை பார்த்தபடி சாவகாசமாக வீட்டுக்குப் போகிறோமே, அந்த நடைதான். பேச்சு வழக்குச் சொல் என்பதால் தேர்வுக் கட்டுரையில் வேண்டாம்.

பிள்ளைகள் அதோடு விடுவதில்லை, எங்கிருந்து வந்தது என்று கேட்கிறார்கள். கேட்கவும் வேண்டும். அதற்கு வழி இருக்கிறது.

முதலில், அந்தச் சொல் எழுத்தில் எப்போது தென்பட்டது என்று பாருங்கள். கையடக்க அகராதியில் இந்த விவரம் இருக்காது. ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி போன்ற வரலாற்று அகராதி வேண்டும். மோசி 1820களின் இறுதியில் அமெரிக்காவில் தலைகாட்டுகிறது.

அடுத்தது, பலரும் தவறவிடுவது: அன்றைய பொருள். அப்போது மோசி என்றால் இடத்தைவிட்டுச் சட்டென்று கிளம்பிவிடுவது! மெல்ல நடப்பது என்ற பொருள் பின்னால் ஏறியது. இது தெரிந்தால்தான் ஊகங்களை எடைபோட முடியும். ‘போவோம்’ என்று பொருள்படும் ஸ்பானிய ‘வாமோஸ்’ பழைய பொருளோடு பொருந்துகிறது. ‘வமூஸ்’ என்ற அமெரிக்கச் சொல் அதிலிருந்தே பிறந்தது. மந்தமாகத் திரிவதைக் குறிக்கும் ‘மோஸ்’ என்ற இங்கிலாந்து வட்டாரச் சொல்லோ புதிய பொருளுக்கே நெருக்கம். இரண்டுக்கும் உறுதியான சான்று இல்லை. எனவே அகராதிகள் ‘வேர் தெரியவில்லை’ என்கின்றன. நோட்டிலும் அப்படியே எழுதச் சொல்கிறேன்.

ஒலி ஒற்றுமையைக் கடைசியில் பாருங்கள். முரசுக்கட்டிலில் உறங்கிய மோசிகீரனாரின் பெயரிலும் இதே ஒலி உண்டு. அதனால் உறவு வந்துவிடாது. கட்டுமரமும் சுருட்டும் ஆங்கிலத்துக்குப் போனதை நாம் உரிமையோடு சொல்லலாம். சோழமண்டலக் கரைக்கு ஆங்கிலேயர் வந்தார்கள், பொருளைக் கண்டார்கள், பெயரையும் எழுதிவைத்தார்கள். அப்படியொரு தடம் மோசிக்குக் கிடையாது. தமிழ்மீது பற்றுள்ளவர்கள்தான் இதில் கூடுதல் கண்டிப்போடு இருக்க வேண்டும் என்பேன்.

பழகிப்பார்க்க இன்னொரு சொல்: ‘சான்ட்டர்’ (saunter). இதுவும் உலாவுவதுதான். புனித பூமிக்குப் போவதாகச் சொல்லித் திரிந்தவர்களிடமிருந்து, ‘சாந்த் தேர்’ என்ற பிரெஞ்சுத் தொடர்வழியாக அது வந்ததாக அமெரிக்க எழுத்தாளர் தோரோ 1862இல் வெளியான கட்டுரையில் எழுதினார். அழகான கதை. இதே வரிசையில் ஆண்டு, பழைய பொருள், தடம் மூன்றையும் தேடி, அகராதிகள் அதை ஏன் ஏற்கவில்லை என்று நீங்களே கண்டுபிடியுங்கள்.