இன்டெக்ஸ்டு டிபியில் கமிட்: 'சக்சஸ்' வந்ததும் கொண்டாடாதீர்கள்

மற்ற டேட்டாபேஸ்களில் ஒரு டிரான்ஸாக்ஷனை (சேர்ந்தே நடக்க வேண்டிய வேலைகளின் தொகுப்பை) நாமே தொடங்கினால், கமிட், அதாவது மாற்றங்களை நிலையாகச் சேமி, என்று நாம் சொன்னால்தான் பொதுவாகக் கமிட் ஆகும். பிரவுசருக்குள்ளேயே இருக்கும் டேட்டாபேஸான இன்டெக்ஸ்டு டிபியில் அப்படியில்லை, சொல்லாமலேயே ஆகிவிடும், அதுவும் நாம் எதிர்பார்க்காத நேரத்தில்.

வீட்டு வரவு செலவுக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 120 ரூபாய்க்குக் காய்கறி வாங்கினால் 'செலவுகள்' ஸ்டோரில் (ஸ்டோர் என்பது டேபிள் மாதிரி) ஒரு வரி ஏற வேண்டும், 'இருப்பு' ஸ்டோரில் 120 குறைய வேண்டும். நடந்தால் இரண்டும் நடக்கட்டும், இல்லாவிட்டால் இரண்டுமே வேண்டாம்.

முதலில், டேட்டாபேஸைப் பெயரும் வெர்ஷன் 1-ம் கொடுத்துத் திறங்கள். இரண்டு ஸ்டோர்களையும் ஆன்அப்கிரேட்நீடட் ஹேண்ட்லருக்குள் (டேட்டாபேஸ் புதிதாக உருவாகும்போதோ வெர்ஷன் கூடும்போதோ ஓடும் ஃபங்ஷன்) உருவாக்குங்கள், வேறெங்கும் முடியாது.

அடுத்து டிரான்ஸாக்ஷன். இரண்டு ஸ்டோர்களின் பெயரையும் ஒரே அரேயில் கொடுத்து, மோடு 'ரீட்ரைட்' என்று போடுங்கள். மறந்தால் அது ரீட்ஒன்லி, எழுதப் போனதும் எரர்தான்.

இப்போது இருப்பை 'கெட்' செய்து (படித்து), அதன் ஆன்சக்சஸுக்குள், அதாவது அந்த ரிக்வெஸ்ட் வெற்றி பெற்றதும் ஓடும் ஃபங்ஷனுக்குள், 120-ஐக் கழித்து 'புட்' செய்யுங்கள் (திரும்ப எழுதுங்கள்), கையோடு செலவையும் 'ஆட்' செய்யுங்கள் (புதிதாகச் சேருங்கள்). இதற்கு நடுவில் மட்டும் ஃபெட்ச் போட்டு (சர்வரிடம் தரவு கேட்டு) அவெய்ட் செய்யாதீர்கள். சர்வரிலிருந்து பதில் வருவதற்குள், இந்த டிரான்ஸாக்ஷனில் காத்திருக்கும் ரிக்வெஸ்ட் எதுவும் இல்லையே, வேலை முடிந்துவிட்டது போல என்று பிரவுசர் கமிட் செய்துவிடும். அப்புறம் நீங்கள் புட் செய்தால் டிரான்ஸாக்ஷன்இன்ஆக்டிவ்எரர் வரும். ஒரு முழு மாலை இதில் எனக்குப் போயிற்று. ஃபெட்சை முதலில் முடித்துவிட்டு டிரான்ஸாக்ஷனைத் திறந்தால் சரியாகிவிடும்.

சரி, சேமித்தாயிற்று என்று எப்போது காட்டுவது? புட்டின் ஆன்சக்சஸில் அல்ல. அந்த ஒரு ரிக்வெஸ்ட் நிறைவேறியது என்பது மட்டும்தான் அதற்கு அர்த்தம். அதன் பிறகும் இடம் போதாமலோ, ஏற்கெனவே இருக்கும் கீயை ஆட் செய்ததாலோ மொத்தமும் ரத்தாகலாம். டிரான்ஸாக்ஷன் முழுவதும் முடிந்ததும் வரும் ஆன்கம்ப்ளீட்டுக்குப் பிறகே காட்டுங்கள், ரத்தானால் வரும் ஆன்அபார்ட்டில் காரணத்தைச் சொல்லுங்கள்.

கமிட் என்றே ஒரு மெத்தட் உண்டு (குரோம் 76, ஃபயர்பாக்ஸ் 74, சஃபாரி 15 முதல்). 'இனி ரிக்வெஸ்ட் எதுவும் வராது, காத்திருக்காதே' என்று பிரவுசரிடம் சொல்வதுதான் அது. கட்டாயமில்லை. அதை அழைத்தாலும் ஆன்கம்ப்ளீட்டுக்காகக் காத்திருக்கத்தான் வேண்டும்.

பணக் கணக்கு என்பதால் இன்னொன்று. குரோம் 121 முதல் டியூரபிலிட்டி (எழுதியது டிஸ்க்கில் பதிவதை எவ்வளவு உறுதி செய்வது என்ற அமைப்பு) இயல்பாகவே 'ரிலாக்ஸ்டு': தரவு ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் கைக்குப் போனதுமே கம்ப்ளீட் வந்துவிடும், டிஸ்க்கில் இறங்கியிருக்க வேண்டும் என்பதில்லை. அந்த நொடியில் கரண்ட் போனால் கடைசி வரி போகலாம். டிரான்ஸாக்ஷனைத் திறக்கும்போதே மூன்றாவது ஆர்கியூமென்டில் டியூரபிலிட்டி 'ஸ்ட்ரிக்ட்' என்று கொடுங்கள், கொஞ்சம் மெதுவாகும், பரவாயில்லை.

சோதிக்க, இரண்டையும் எழுதியவுடன் வேண்டுமென்றே அபார்ட் மெத்தடை அழைத்துவிட்டு, டெவ்டூல்ஸின் அப்ளிகேஷன் டேபில் ரிஃப்ரெஷ் அழுத்திப் பாருங்கள். இருப்பு பழையபடி இருக்க வேண்டும், காய்கறி வரியும் இருக்கக் கூடாது.