பழைய சவரக்கத்தி: புதுப்பிக்கப் போய் கெடுத்துவிடும் இடங்கள்

என் முதல் கத்தியை ஒரே மாலையில் கண்ணாடி மாதிரி ஆக்கிவிட்டேன். மறுநாள் வெளிச்சத்தில் பார்த்தால், அலகில் பொறித்திருந்த எழுத்துகளும் மெல்லிய தங்கப்பூச்சும் துருவோடு சேர்ந்து போயிருந்தன. தேய்த்து எடுத்த உலோகம் திரும்ப வராது. பழைய மடக்குச் சவரக்கத்தியைப் புதுப்பிக்கத் தொடங்குகிறவர்களின் தவறுகளில் பாதி இந்தப் பளபளப்பு ஆசையில்தான் பிறக்கிறது.

மீதித் தவறுகளில் முதலாவது, வாங்கும்போதே நடப்பது. கத்திக்குப் பேர்போன ஷெஃபீல்டு, சோலிங்கன் என்று முத்திரை இருந்தால் போதும், கை தானாகப் பணத்தை எடுக்கும். ஆனால் ஊர்ப் பெயரைவிட வாய்தான், அதாவது வெட்டும் விளிம்புதான் முக்கியம். முதுகில் துரு இருந்தால் கவலையில்லை. வாயில் துரு குழி பறித்திருந்தால், அந்தக் குழிகள் தீரும்வரை தேய்க்க வேண்டியிருக்கும், அலகு பாதியாகிவிடும். மயிரிழை விரிசல் இருந்தால் அதை அலங்காரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், முகத்துக்கு வேண்டாம்.

பிடியையும் பாருங்கள். பழைய பிடிகளில் பல செல்லுலாய்டு. நைட்ரோசெல்லுலோஸும் கற்பூரமும் சேர்த்துச் செய்ததால் லேசான கற்பூர வாசனை இயல்பே. மூக்கைத் துளைக்கும் அமில நெடி வந்தால் பிடி அழுகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதிலிருந்து வரும் வாயு அலகைத் துருப்பிடிக்க வைக்கும், பக்கத்தில் இருக்கும் கத்திகளையும் விடாது. தனியாக வையுங்கள். சூடான ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள்: செல்லுலாய்டு சட்டென்று தீப்பிடிக்கும்.

பெரிய தவறு மோட்டார் சக்கரம். குழிவாகச் செதுக்கிய அலகு வாய்ப்பக்கம் காகிதம்போல் மெல்லியது. சக்கரத்தின் உராய்வில் சில நொடிகளில் சூடேறும். வெப்பம் 200 டிகிரி செல்சியஸைத் தாண்டிப் போகப் போக உருக்கின் பதம் இறங்கும். வாயில் நீல நிறம் படர்ந்துவிட்டால் அந்த இடம் மென்மையாகிவிட்டது. எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. போதாததற்குச் சக்கரம் கத்தியைப் பிடுங்கி வீசும். அது எந்தப் பக்கம் பறக்கும் என்று சொல்ல முடியாது. கையால் தேய்ப்பது அலுப்பான வேலைதான், ஆனாலும் கையால்தான் செய்ய வேண்டும்.

அதிலும் முரட்டு உப்புத்தாளில் தொடங்காதீர்கள். எண்ணெயும் மென்மையான பாலிஷும் முதலில். அது போதவில்லை என்றால் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் 1000 எண் தாள். அதுவும் போதாவிட்டால் மட்டும் அதைவிட முரடான 600. போட்ட கீறல்களை அகற்ற மறுபடி 1000, 2000 என்று ஏற வேண்டும். எழுத்து இருக்கும் இடத்தைத் தொடாமல் விடுங்கள். வினிகரில் ஊறவைப்பது துருவோடு நல்ல உருக்கையும் அரிக்கும். தேய்க்கும்போது அலகை மரக்கட்டைமேல் கிடத்தி வாய்க்கு ஆதாரம் கொடுங்கள். அந்தரத்தில் பிடித்து அழுத்தினால் ஒடியும். வாய்மேல் டேப் ஒட்ட மறந்தால் உப்புத்தாளோடு விரலும் அறுபடும்.

பிடி நன்றாக இருந்தால் கழற்றவே வேண்டாம். கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால், பிடியையும் அலகையும் இணைக்கும் ரிவிட் ஆணியின் தலையை அரத்தால் தேய்த்துவிட்டு ஆணியைத் தள்ளி எடுங்கள். நெம்பினால் பிடி பிளக்கும்.

சரி, தீட்டுதல். சமையலறைக் கத்தி தீட்டிய பழக்கத்தில் முதுகைத் தூக்கிவிடுவார்கள். இதில் முதுகும் வாயும் ஒருசேரக் கல்லில் படிய வேண்டும். கோணத்தைத் தீர்மானிப்பதே முதுகின் தடிமன்தான். முதுகு தேயாமலிருக்க ஒரு சுற்று மின்சார டேப் ஒட்டலாம். கல்லும் சமதளமாக இருக்க வேண்டும். 1000 எண் கல்லில் இரு பக்கச் சரிவுகளும் வாய் நெடுகச் சந்திக்கும்வரை அடுத்த கல்லைத் தொடாதீர்கள். இங்கே அவசரப்பட்டால் அடுத்து வரும் 4000, 8000, 12000 எண் நுண்கற்கள் எல்லாம் வெறும் மெருகு. முகத்தில் வைத்தால் முடியைப் பிடுங்கும். கல்லில் வாய் முன்னே போக வேண்டும், கடைசியாகக் கூரைச் சீராக்கும் தோல்வாரில் முதுகு முன்னே. மாற்றிச் செய்தால் தோலும் போச்சு, கூரும் போச்சு.

கிருமி நீக்க பிளீச் வேண்டாம். கார்பன் உருக்கை அது அரிக்கும். 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிட்டு, ஒரு சொட்டு மினரல் எண்ணெய் பூசுங்கள். சவரம் முடிந்ததும் அலகை மட்டும் துடைத்து மடக்கிவிடாதீர்கள். ஈரம் தங்குவது ரிவிட்டைச் சுற்றியும் பிடியின் உட்பக்கத்திலும்தான்.