விலை எகிறும்போது ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? 'ஆன் ஆர்ம் அண்ட் எ லெக்' – படிப்படியாக

ஒரு பொருளின் விலையைக் கேட்டு அதிர்ந்துபோனால், 'யானை விலை குதிரை விலை சொல்றாங்க' என்று தமிழில் யோசிக்காமலே சொல்லிவிடுகிறோம். அதையே ஆங்கிலத்தில் சொல்ல வேண்டி வந்தால் 'வெரி காஸ்ட்லி', 'வெரி எக்ஸ்பென்ஸிவ்' என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. இரண்டும் சரியான சொற்கள்தான். விலை அதிகம் என்ற தகவல் அவற்றில் இருக்கிறது, ஆனால் ஆதங்கம் இல்லை.

அந்த ஆதங்கத்தோடு சொல்ல ஆங்கிலத்தில் பரவலாகப் புழங்கும் தொடர் 'ஆன் ஆர்ம் அண்ட் எ லெக்'. சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'ஒரு கையும் ஒரு காலும்'. மரபுத்தொடர்களை இருபது, முப்பது என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அப்படிப் படித்தால் பொருள் மட்டும் நினைவில் நிற்கும், பேசும்போது வாக்கியம் வராது. அதைவிட ஒரே ஒரு தொடரை எடுத்து, அது எந்த வினையோடு வரும், யாரிடம் சொல்லலாம், எங்கே சொல்லக்கூடாது என்பதுவரை தெரிந்துகொள்வது மேல். இந்தப் பதிவில் அதைத்தான் செய்யப் போகிறோம்.

படி 1: பொருளைப் பிடித்துக்கொள்ளுங்கள்

'இட் காஸ்ட் மீ ஆன் ஆர்ம் அண்ட் எ லெக்' என்றால் 'எனக்கு எக்கச்சக்கமாகச் செலவாகிவிட்டது' என்று பொருள். இவ்வளவு தொகைக்கு மேல் போனால்தான் சொல்லலாம் என்ற கணக்கு எதுவும் இல்லை. ஒரு சாதாரண சார்ஜருக்குக்கூடச் சொல்லலாம், வீட்டு வாடகைக்கும் சொல்லலாம். கொடுத்தவருக்கு அது வலித்ததா என்பதே அளவுகோல்.

இது பணத்துக்கு மட்டும் உரியது. 'இந்த வேலையை முடிப்பதற்குள் உயிரே போய்விட்டது' என்று அலுப்பைச் சொல்ல இதைப் பயன்படுத்த முடியாது. நேரம், உழைப்பு, அலைச்சல் எதற்கும் இது பொருந்தாது.

படி 2: வாக்கியத்தின் அமைப்பு

தொடக்க நிலையில் இருப்பவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

இந்தத் தொடர் தனியாக நிற்காது, ஒரு வினைச்சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் வரும். பெரும்பாலும் அந்த வினை 'காஸ்ட்'. அமைப்பு இதுதான்: முதலில் பொருள், அடுத்து காஸ்ட், அடுத்து பணம் கொடுத்த ஆள், கடைசியில் ஆன் ஆர்ம் அண்ட் எ லெக்.

'த ரிப்பேர் காஸ்ட் மீ ஆன் ஆர்ம் அண்ட் எ லெக்.' பழுது பார்த்த வகையில் எனக்குப் பெரிய செலவு.

'த டிக்கெட்ஸ் காஸ்ட் அஸ் ஆன் ஆர்ம் அண்ட் எ லெக்.' டிக்கெட் வாங்கியதில் எங்களுக்குப் பெரிய செலவு.

தமிழில் 'எனக்கு' என்று வருவதால், பலர் ஆங்கிலத்திலும் 'டு மீ' அல்லது 'ஃபார் மீ' போட்டுவிடுகிறார்கள். 'இட் காஸ்ட் டு மீ' என்பது தவறு. வினைக்குப் பின்னால் நேராக 'மீ', 'ஹிம்', 'ஹர்', 'அஸ்', 'தெம்' வர வேண்டும். இடையில் எதுவும் வேண்டாம். பணம் கொடுத்தது யார் என்று சொல்லத் தேவையில்லை என்றால் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிடலாம்: 'நியூ ஃபோன்ஸ் காஸ்ட் ஆன் ஆர்ம் அண்ட் எ லெக்.'

இதே அமைப்பை ஆங்கிலத்தில் வேறு இடங்களிலும் பார்க்கலாம். 'த மிஸ்டேக் காஸ்ட் ஹிம் ஹிஸ் ஜாப்' என்றால், அந்தத் தவறால் அவருக்கு வேலை போயிற்று. எது காரணம், யாருக்கு இழப்பு, எதை இழந்தார் என்ற வரிசை. நம் தொடரும் இதே வரிசையில்தான் போகிறது. இழந்தது வேலைக்குப் பதில் கையும் காலும், அவ்வளவுதான். இந்த ஒற்றுமை மனதில் பதிந்துவிட்டால் 'டு மீ' போடும் பழக்கம் தானாகப் போய்விடும்.

அடுத்து, காலம். 'காஸ்ட்' என்ற வினை இறந்தகாலத்திலும் 'காஸ்ட்'தான். 'இட் காஸ்டட் மீ' என்று சொல்லாதீர்கள். 'காஸ்டட்' என்று ஒரு சொல் ஆங்கிலத்தில் உண்டு. ஆனால் அது ஒரு திட்டத்துக்கு எவ்வளவு செலவாகும் என்று மதிப்பீடு போடுவதைக் குறிக்கும். நமக்கு இங்கே அது வேண்டாம். நிகழ்காலத்தில் ஒருமைக்கு மட்டும் 'ஸ்' சேரும்: 'இட் காஸ்ட்ஸ் ஆன் ஆர்ம் அண்ட் எ லெக்.' இனிமேல் ஆகப்போகும் செலவு என்றால் 'இட்ஸ் கோயிங் டு காஸ்ட் யூ ஆன் ஆர்ம் அண்ட் எ லெக்.'

ஆளை எழுவாயாக வைக்க வேண்டுமென்றால் வினையை மாற்றுங்கள். கொடுத்தவர் பக்கம் 'பே', வாங்கியவர் பக்கம் 'சார்ஜ்'. 'ஐ பெய்ட் ஆன் ஆர்ம் அண்ட் எ லெக் ஃபார் திஸ் சேர்.' 'தே சார்ஜ் ஆன் ஆர்ம் அண்ட் எ லெக் ஃபார் பார்க்கிங்.' இந்த இரண்டிலும் எதற்காக என்பதைச் சொல்ல 'ஃபார்' தேவை. 'ஐ காஸ்ட் ஆன் ஆர்ம் அண்ட் எ லெக்' என்றால் நானே விலைக்கு இருப்பது போல ஆகிவிடும்.

எதிர்மறையிலும் இது நன்றாக வரும். 'இட் டஸின்ட் ஹேவ் டு காஸ்ட் ஆன் ஆர்ம் அண்ட் எ லெக்' என்றால் 'அதற்கு ஒன்றும் கொட்டிக் கொடுக்க வேண்டியதில்லை' என்று அர்த்தம். விளம்பரங்களிலும் பயணக் குறிப்புகளிலும் இந்த வடிவத்தை அடிக்கடி பார்க்கலாம்.

படி 3: எதை மாற்றக்கூடாது

தமிழில் 'கை' என்ற ஒரே சொல் தோளிலிருந்து விரல்வரை எல்லாவற்றுக்கும் போதும். ஆங்கிலத்தில் முழுக்கைக்கு 'ஆர்ம்', மணிக்கட்டுக்குக் கீழே 'ஹேண்ட்'. அதனால் 'எ ஹேண்ட் அண்ட் எ லெக்' என்று சொல்லும் தவறு நம்மவர்களிடம் சகஜம். அதேபோல 'லெக்' இருக்கும் இடத்தில் 'ஃபுட்' வராது.

வரிசையையும் மாற்றக்கூடாது, 'எ லெக் அண்ட் ஆன் ஆர்ம்' கிடையாது. செலவு ரொம்ப அதிகம் என்று காட்ட 'டூ ஆர்ம்ஸ் அண்ட் டூ லெக்ஸ்' என்று பெருக்க வேண்டாம். தாய்மொழிக்காரர்கள் வேடிக்கைக்காக அப்படி நீட்டுவதுண்டு, ஆனால் தொடக்கத்தில் இருப்பவர் சொன்னால் தெரியாமல் சொன்னதாகவே எடுத்துக்கொள்வார்கள். 'வெரி' என்ற சொல்லும் இதற்கு முன்னால் வராது. மிகைப்படுத்தல் தொடருக்குள்ளேயே இருக்கிறது.

இன்னொன்று: 'த ரேட் காஸ்ட் மீ…', 'த பிரைஸ் காஸ்ட் மீ…' என்று தொடங்காதீர்கள். பொருளுக்குத்தான் செலவாகும், விலைக்குச் செலவாகாது. இதோடு ஒட்டியதுதான் 'காஸ்ட்லி ரேட்' என்ற நம் பேச்சுவழக்கும். ஆங்கிலத்தில் பொருள் எக்ஸ்பென்ஸிவ், விலை ஹை. இந்த இணையைச் சரியாகச் சொன்னாலே உங்கள் ஆங்கிலம் ஒரு படி ஏறிவிடும்.

படி 4: வாயில் வரவழையுங்கள்

ஒவ்வொரு சொல்லையும் பிரித்து அழுத்திச் சொன்னால் இயல்பாக இருக்காது. அழுத்தம் இரண்டே இடத்தில்தான்: 'ஆர்ம்', 'லெக்'. மற்றவை எல்லாம் தேய்ந்து ஒட்டிக்கொள்ளும். 'ஆன்' என்பது 'அன்' ஆகும், 'அண்ட்' என்பதில் 'ட்' கரைந்து 'அன்' மட்டும் மிஞ்சும், 'எ' என்பது 'அ' ஆகும். கேட்கும்போது ஏறக்குறைய 'அனார்ம் அனலெக்' என்று ஒரே மூச்சில் ஒலிக்கும். அமெரிக்கர் பேச்சில் 'ஆர்ம்' என்பதில் 'ர்' தெளிவாகக் கேட்கும். இங்கிலாந்தில் பெரும்பாலோர் பேச்சில் அது மறைந்து 'ஆம்' என்று நீளும். எப்படிச் சொன்னாலும் சரி, ஆனால் இப்படி ஒட்டி வரும் ஒலியைக் காதுக்குப் பழக்குங்கள். சொல்லத் தெரிந்த பலருக்குக்கூட, பிறர் வேகமாகச் சொல்லும்போது பிடிபடாமல் போவது இதனால்தான்.

படி 5: யாரிடம், எங்கே

நண்பர்கள், உடன் வேலை பார்ப்பவர்கள், அக்கம்பக்கத்தார், வீட்டார் எல்லோரிடமும் சொல்லலாம். இது கொச்சை அல்ல, பேச்சுவழக்கு. ஐஇஎல்டிஎஸ் போன்ற ஆங்கிலத் திறன் தேர்வின் பேச்சுப் பகுதியிலும் பொருத்தமான இடத்தில் வந்தால் நல்லதுதான், மரபுத்தொடர் ஆளுமையையும் அங்கே பார்க்கிறார்கள். ஆனால் ஒரு முறை போதும்.

எழுத்து என்று வந்தால் கவனம். அலுவலகக் கடிதம், புகார், கட்டுரை, விண்ணப்பம் ஆகியவற்றில் வேண்டாம். அங்கே 'த காஸ்ட் வாஸ் கன்சிடரப்ளி ஹையர் தேன் எக்ஸ்பெக்டட்' போன்ற நேரான வாக்கியமே மதிப்பாக இருக்கும்.

விற்பவரிடம் பேரம் பேசும்போது 'யூ சார்ஜ் ஆன் ஆர்ம் அண்ட் எ லெக்' என்று சொன்னால் குற்றம் சாட்டுவது போலாகும். அந்த இடத்துக்கு மென்மையான சொல் ஒன்று இருக்கிறது: 'தட்ஸ் எ பிட் ஸ்டீப்.' 'கொஞ்சம் கூடுதலா இருக்கே' என்று நாம் இழுப்பது போன்றது. எதிரில் இருப்பவர் முகம் சுளிக்காமல் பதில் சொல்வார்.

விபத்திலோ நோயிலோ உறுப்பை இழந்த ஒருவர் எதிரில் இருந்தால் இந்தத் தொடரைத் தவிர்த்துவிடுங்கள். அவர் தவறாக நினைக்காமலும் போகலாம். ஆனாலும் சொல்லாமல் இருப்பதால் ஒன்றும் குறைந்துவிடாது.

படி 6: பக்கத்து வீட்டுத் தொடர்கள்

விலையைக் குறித்த தொடர்கள் ஆங்கிலத்தில் நிறைய. நாம் பார்த்த தொடர் 'எனக்குச் செலவு அதிகம்' என்பதோடு நின்றுவிடும். விற்பவரை ஏமாற்றுக்காரர் என்று அது சொல்வதில்லை. அப்படிச் சொல்ல வேண்டுமென்றால் 'இட்ஸ் எ ரிப்-ஆஃப்', அல்லது 'ஐ காட் ரிப்ட் ஆஃப்'. இன்னும் காட்டமாக, 'டேலைட் ராபரி'. நம் 'பகல் கொள்ளை'யேதான், உணர்ச்சியும் அதேதான். இது இங்கிலாந்து வழக்கு, அமெரிக்காவில் 'ஹைவே ராபரி' என்பார்கள்.

'பே த்ரூ த நோஸ்' இவற்றுக்கு நடுவில் நிற்கிறது. வேறு வழியில்லாமல், நியாயமான விலையைவிட அதிகம் அழுதுவிட்டு வந்தோம் என்ற பொருள். கடைசி நேரத்தில் விமான டிக்கெட் எடுத்தால் சரியாகப் பொருந்தும்: 'வீ பெய்ட் த்ரூ த நோஸ் ஃபார் தோஸ் ஃப்ளைட்ஸ்.'

'காஸ்ட் எ பாம்ப்' என்பது பிரிட்டிஷ் பேச்சு. எழுத்தில் கடைசியில் 'பி' இருந்தாலும் ஒலி 'பாம்' மட்டும்தான். விமான நிலையத்தில், குறிப்பாகச் சோதனை வரிசையில், இதை வாயெடுத்தும் சொல்லிவிடாதீர்கள். அரைகுறையாகக் காதில் விழுந்தால் வீண் சிக்கல்.

'பிரேக் த பேங்க்' சூதாட்ட விடுதியிலிருந்து வந்தது. மேசையில் இருக்கும் விடுதிப் பணம் முழுவதையும் ஒருவர் ஜெயித்துக் காலி செய்வதை அப்படிச் சொல்வார்கள். சார்லஸ் வெல்ஸ் என்பவர் 1891-இல் மான்டி கார்லோ சூதாட்ட விடுதியில் அப்படி ஜெயித்துப் பேர் வாங்கினார். இன்றைய பேச்சில் இது பெரும்பாலும் எதிர்மறையில்தான் வருகிறது: 'இட் வோன்ட் பிரேக் த பேங்க்', அதாவது கையைக் கடிக்காது.

எங்கிருந்து வந்தது?

'ஆன் ஆர்ம் அண்ட் எ லெக்' பற்றி ஒரு கதை சுற்றிக்கொண்டே இருக்கிறது. அந்தக் காலத்து ஓவியர்கள் முகத்தை மட்டும் வரைந்தால் ஒரு கூலி, கை கால் சேர்த்து வரைந்தால் கூடுதல் கூலி வாங்கினார்களாம், அதிலிருந்து வந்ததாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இதற்கு ஆதாரம் கிடையாது. இந்தத் தொடர் அச்சில் தென்படத் தொடங்குவது 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், அமெரிக்காவில். 18-ஆம் நூற்றாண்டு ஓவியர்களிடமிருந்து வந்திருந்தால் இடைப்பட்ட நூற்றைம்பது ஆண்டுகளாக யாருமே எழுதாமலா இருந்திருப்பார்கள்? போரில் உறுப்பிழந்த வீரர்களோடு இதை இணைப்பதும் ஊகம்தான். ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லலாம். விரும்பிய ஒன்றுக்காக 'என் வலது கையையே கொடுப்பேன்' என்று சொல்லும் வழக்கு ஆங்கிலத்தில் இதற்கும் முன்பிருந்தே உண்டு. உறுப்பை விலையாகச் சொல்வது அந்த மொழிக்குப் புதிதல்ல.

படி 7: பயிற்சி

கீழே உள்ளவற்றை முதலில் நீங்களே ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள், அப்புறம் விடையைப் பாருங்கள்.

அ. என் பல் வைத்தியத்துக்கு ஏகப்பட்ட செலவு ஆயிற்று.
ஆ. அந்தக் கடையில் எல்லாவற்றுக்கும் யானை விலை வாங்குகிறார்கள்.
இ. கொட்டிக் கொடுக்காமலே ஒரு நல்ல கேமரா வாங்கலாம்.
ஈ. வாடகை கொஞ்சம் அதிகம் என்று வீட்டு உரிமையாளரிடம் பணிவாகச் சொல்ல வேண்டும்.

விடைகள்:

முதலாவது 'மை டென்டல் ட்ரீட்மென்ட் காஸ்ட் மீ ஆன் ஆர்ம் அண்ட் எ லெக்'. 'காஸ்டட்' என்றோ 'டு மீ' என்றோ வந்திருந்தால் இரண்டாம் படிக்குப் போய் வாருங்கள். இரண்டாவது 'தே சார்ஜ் ஆன் ஆர்ம் அண்ட் எ லெக் ஃபார் எவ்ரிதிங்'. மூன்றாவது 'யூ கேன் கெட் எ குட் கேமரா வித்அவுட் பேயிங் ஆன் ஆர்ம் அண்ட் எ லெக்', இதில் 'வித்அவுட்' வந்ததும் வினை 'இங்' எடுக்க வேண்டும். நான்காவதில் நம் தொடரே வராது. 'த ரென்ட் இஸ் எ பிட் ஸ்டீப் ஃபார் மீ' என்று சொல்லிவிட்டு, அவர் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள்.