"எப்படி இருக்கு சார்?" என்று கேட்டால் என்ன பதில் வரும்? போர்ட்ஃபோலியோ காட்டப் போகும் மாணவர்களுக்கு

பொங்கல் விடுமுறை முடிந்ததும் விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) கடைசி ஆண்டு மாணவர்கள் வரத் தொடங்குவார்கள். தாங்கள் எடுத்த ஃபோட்டோக்களின் தொகுப்பை லேப்டாப்பில் திறந்து என் பக்கம் திருப்பி, "எப்படி இருக்கு சார்?" என்பார்கள். அதற்கு "நல்லா இருக்குப்பா" என்றுதான் யாருக்கும் சொல்லத் தோன்றும். கேட்டவர் சந்தோஷமாகக் கிளம்பிவிடுவார். ஆனால் எந்தப் படத்தை நீக்குவது, எதை மறுபடி எடுப்பது என்று அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. மூன்று வருஷம் படம் எடுக்கச் சொல்லித் தருகிறோம். எடுத்ததைக் காட்டிக் கருத்து வாங்குவது எப்படி என்று ஒரு வகுப்புகூட எடுப்பதில்லை. அதனால் ஒரே தவறுகள் வருஷா வருஷம் திரும்ப வருகின்றன.

முதல் தவறு, காட்டும்போதே பேசுவது. காசிமேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் படிக்கும் மாணவர்களின் படத்தொகுப்பில் பெரும்பாலும் அந்த மீன்பிடித் துறைமுகம் இருக்கும். விடியற்காலை 3:30க்கு எழுந்து, பைக்கில் போய், ஐஸ் கரைந்த தண்ணீரில் நின்று, கூடை தூக்குபவரிடம் திட்டு வாங்கி எடுத்த படம். உங்களுக்கு அந்த மீன் வாடையும் ஏலச் சத்தமும் சேர்ந்தேதான் அந்தப் படம் தெரியும். என் கண்ணில் படுவது ஒரு நீலத் தார்ப்பாய், ஓரத்தில் வெட்டுப்பட்ட ஒரு கை, பின்னால் வெளுத்துப்போன டியூப்லைட். அன்றைக்கு அங்கே இல்லாத ஒருவரின் கண்ணுக்கு உங்கள் படம் எப்படித் தெரிகிறது என்று அறியத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். "அன்னைக்கு நல்ல மழை சார்..." என்று ஆரம்பித்த நொடியில் உங்கள் நினைவு என் கண்ணுக்குள் வந்துவிடுகிறது. அப்புறம் நான் சொல்லும் கருத்தில் பாதி உங்களுடையது.

எனக்கும் இது தாமதமாகத்தான் புரிந்தது. திருவாரூர் தேரை மொட்டை மாடி ஒன்றில் ஏறி, நாலு மணி நேரம் வெயிலில் காத்திருந்து எடுத்தேன். ஆறு வருஷம் என் தொகுப்பில் முதல் படம் அதுதான். ஒருநாள் என் அத்தை ஆல்பத்தைப் புரட்டினார். அந்தப் படத்தை நிற்காமல் கடந்து, கீழே வடம் பிடித்தவர்களின் கால்களை எடுத்த சின்னப் படத்தில் நின்றுவிட்டார். அவருக்குக் கேமரா பிடிக்கத் தெரியாது. காத்திருந்த நாலு மணி நேரம் படத்துக்குள் எங்கேயும் இல்லை என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

ஆகவே முதல் சுற்றில் வாயை மூடிக்கொண்டு, பார்ப்பவரின் கையைப் பாருங்கள். எந்தப் படத்தில் நிற்கிறது, எதைத் தள்ளிவிட்டுப் போகிறது, எதற்குத் திரும்பி வருகிறது? படங்களின் பின்பக்கம் எண் எழுதி வைத்துக்கொண்டால் குறித்துக்கொள்வது சுலபம். வாயால் சொல்லும் கருத்தில் கொஞ்சம் மரியாதை கலந்திருக்கும். கண் நிற்கும் இடத்தில் அது கலக்காது.

பின்பக்கம் எண் எழுத வேண்டுமென்றால் பிரிண்ட் வேண்டும். 4×6 பிரிண்ட் போதும், லேபில் செலவு அதிகமில்லை. மேஜையில் பரப்பி, இடம் மாற்றி, இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும். லேப்டாப்பில் ஒன்று போனால்தான் அடுத்தது வரும். எந்தப் படத்துக்குப் பிறகு எது என்ற பேச்சே எழாது. பிரிண்டுக்கு வழியே இல்லையென்றால் பிடிஎஃப். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள். எக்ஸ்போர்ட் செய்யும்போது நிறத்துக்கான எஸ்ஆர்ஜிபி (sRGB) அமைப்பை வைக்காவிட்டால் சில திரைகளில் நிறம் செத்துப்போய்த் தெரியும். வாட்டர்மார்க் வேண்டாம், முதலில் அதைத்தான் கண் படிக்கும்.

எண்ணிக்கை பற்றிச் சண்டையே போட்டிருக்கிறேன். 80 படம் கொண்டுவந்து "நீங்களே செலக்ட் பண்ணுங்க சார்" என்பது உங்கள் வேலையை என் தலையில் வைப்பது. ஃபோட்டோகிராபர் ராபர்ட் ஃபிராங்க் 1955, 56இல் அமெரிக்கா முழுக்கக் காரில் சுற்றி 27,000 படங்களுக்கு மேல் எடுத்தார். 'தி அமெரிக்கன்ஸ்' என்ற அவர் புத்தகத்துக்கு வந்தவை 83. கழித்ததில்தான் அவர் என்ன சொல்ல வந்தார் என்பது தெரிந்தது. மேஜைக்கு 15 முதல் 20 வரை போதும். ஆனால் பையில் இன்னொரு 30 இருக்கட்டும். அனுபவமுள்ள ஃபோட்டோ எடிட்டர் யாரானாலும் "இதுக்கு முன்னாடி, பின்னாடி எடுத்த ஃபிரேம் இருக்கா?" என்று கேட்பார். "டெலீட் பண்ணிட்டேன்" என்று சொல்லும்படி ஆகக் கூடாது.

யாரிடம் காட்டுவது என்பதிலும் பலர் சறுக்குகிறார்கள். கல்யாண ஸ்டூடியோவில் வேலை கேட்கப் போகும் தொகுப்பும், அகமதாபாத் என்ஐடியின் (தேசிய வடிவமைப்பு நிறுவனம்) காந்திநகர் வளாகத்தில் இருக்கும் ஃபோட்டோகிராபி முதுகலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் தொகுப்பும் ஒன்றாக இருக்க முடியாது. முதலாவதில் முகத்தில் வெளிச்சம், கலர், நேரத்துக்கு வேலை முடிப்பாரா என்று பார்ப்பார்கள். இரண்டாவதில் ஒரு விஷயத்தோடு எவ்வளவு நாள் இருந்திருக்கிறீர்கள் என்று பார்ப்பார்கள். எங்கே போகப் போகிறீர்கள் என்பதைச் சொல்லிவிட்டுக் காட்டுங்கள். பேசாமல் இருப்பது படங்களின் கதைக்கு மட்டும்தான். மார்க் போடும் ஆசிரியர் ஒருவர், அந்தத் துறையில் வேலை செய்யும் ஒருவர், படம் எடுக்கவே தெரியாத ஒருவர் என்று மூன்று பேரிடம் காட்டினால் நல்லது. வகுப்புத் தோழர்களிடமிருந்து பெரும்பாலும் லைக்தான் கிடைக்கும்.

பார்த்து முடித்ததும் கேள்வி கேளுங்கள். "இது எதைப் பத்தின தொடர்னு உங்களுக்குத் தோணுது?" "இதுல அஞ்சு படத்தை நீக்கணும்னா எதை நீக்குவீங்க?" "எந்த இடத்துல அலுத்துப்போச்சு?" இப்படிக் கேட்டால் "நல்லா இருக்கு" என்று தப்பிக்க முடியாது. பதில் வரும்போது "கிட் லென்ஸ்தான் சார் இருந்துச்சு" என்று மறுத்துப் பேசாதீர்கள். கேமராவோடு சேர்ந்து வரும் அந்த 18-55 லென்ஸில் ஜூம் செய்தால் வெளிச்சம் நுழையும் துவாரம் எஃப் 5.6க்கு மேல் திறக்காது, இருட்டில் கஷ்டம்தான், எனக்கும் தெரியும். படத்தைப் பார்க்கும் மற்றவர்களுக்கு அதைப் போய்ச் சொல்ல முடியாதே. எழுதிக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

இரண்டு பேர் எதிரெதிராகச் சொன்னால் குழம்ப வேண்டாம். ஒருவர் "கிராப் பண்ணு" என்கிறார், இன்னொருவர் "தூக்கிடு" என்கிறார். இருவரும் இடறியது அதே படத்தில் என்பதைக் கவனியுங்கள். கோளாறு அங்கே இருப்பது உறுதி, வைத்தியம் உங்கள் முடிவு. அன்று ராத்திரியே உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றாமல் ஒரு வாரம் போகட்டும்.

இதையெல்லாம்விட எனக்கு மனசு வலிக்கும் தவறு ஒன்று உண்டு. ஒரு மாணவி தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களை எடுத்து வந்திருந்தார். வெள்ளை உப்புக் குவியல், நல்ல வெயில், தலையில் துணி கட்டிய ஓர் அம்மா. ஏழெட்டுப் படங்களில் அதே அம்மா. "இவங்க பேர் என்ன?" என்று கேட்டேன். தெரியவில்லை. படங்களை அவரிடம் காட்டவும் இல்லை. நமக்கு முகம் கொடுத்தவரிடம் கேட்காமல் ஊரெல்லாம் கருத்துக் கேட்கிறோம். "முதல்ல அவங்ககிட்ட காட்டிட்டு வாம்மா" என்றேன்.

பிரிண்ட் எடுத்துக்கொண்டு திரும்பப் போனார். அந்த அம்மா ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "நாங்க இருட்டோட வேலைக்கு இறங்கிருவோம்மா. நீ வந்தப்ப பாதி வேலை முடிஞ்சு போச்சே" என்றாராம். வெயில் ஏறினால் உப்பின் வெளுப்பில் கண் கூசும் என்பதால் விடியுமுன்பே தொடங்கிவிடுவார்கள். வகுப்பில் காம்போசிஷன், அதாவது படத்துக்குள் எது எங்கே இருக்க வேண்டும் என்பது, பற்றி மட்டுமே பேசியிருந்தார்கள். நானும் அதைத்தான் பேசியிருப்பேன். தொடரின் ஓட்டை எங்கே என்று அந்த அம்மாவுக்குத்தான் தெரிந்தது. அவர் பெயர் இப்போது தலைப்புக் குறிப்பில் இருக்கிறது, அவர் சம்மதித்த பிறகு.

மார்ச்சில் அந்த மாணவி மறுபடி வந்தார். பலர் இரண்டாவது தடவை வருவதே இல்லை. 14 படங்கள், முதல் ஐந்தும் டார்ச் வெளிச்சத்தில் எடுத்தவை. மேஜையில் வரிசையாக வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டார். நான் நாலாவதில் நின்றேன். அவர் 4 என்று எழுதிக்கொண்டார்.